அனுப்பியதும் சேர்ந்ததும்: வலைச்செயலிகளின் தமிழ் மின்னஞ்சலைச் சோதித்தல்



நாங்கள் பாகான் நக்கோடா ஓமாரிலிருந்து வருகிறோம். சிலாங்கூர் மாநிலத்தின் வடபகுதியில், சபாக் பெர்ணம் மாவட்டத்தில், மலாக்கா நீரிணையின் கரையில் அமைந்த மீன்பிடி ஊர் அது. கடலை விட்டு உள்ளே வந்தால் வயலும் தென்னையும் செம்பனையும். தெற்கே கோல சிலாங்கூர் வரையில் தோட்டங்களைச் சார்ந்து வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளே எங்களிடம் படிக்கும் மாணவர்கள். மொழி மன்றத்தின் மேடையில் கணினிச் செயலியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோமே என்று சிலர் வியக்கக்கூடும். நாங்கள் பேசப்போவது எழுத்தைப் பற்றியும் பெயரைப் பற்றியும் ஓலை ஒன்று உரியவர் கையில் சேர்வதைப் பற்றியுமே. இம்மூன்றும் மொழிக்கு உரியவை.

தோட்ட வாழ்க்கையில் பெரட்டு என்று ஒன்று இருந்ததை மூத்தோர் அறிவர். விடியுமுன் தொழிலாளர்கள் களத்தில் கூடுவர். கிராணி பெயரைக் கூப்பிடுவார். ஆள் குரல் கொடுத்த பின்பே பேரேட்டில் குறி விழும். கூப்பிட்டதற்காகக் குறி விழுவதில்லை, பதில் வந்ததற்காகவே விழும். இந்த எளிய ஒழுங்கை மறந்ததனால் எங்களுக்கு நேர்ந்த ஒரு தவற்றிலிருந்து இவ்வுரையைத் தொடங்குகிறோம்.

பதினைந்து கையொப்பங்கள்

1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, தேசிய இடைநிலைப்பள்ளி ஒன்றில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் வேண்டிக்கொண்டால் தமிழ்மொழி கற்பிக்க ஏற்பாடு செய்யப்பட வேண்டும். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்துச் செல்லும் பிள்ளைகளுக்கு இந்த எண்ணிக்கை எத்துணை முக்கியம் என்பதை இங்குள்ள ஆசிரியர்களுக்கு நாங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பதினான்கு பேர் கேட்டால் வகுப்பு உறுதியில்லை. பதினைந்தாமவர் வந்தால் கேட்பதற்குச் சட்டம் துணை நிற்கிறது.

நாங்கள் நால்வர்: ஆசிரியர் இருவர், கணினி பயின்ற முன்னாள் மாணவர் இருவர். பெற்றோர்க்கு அறிவிப்புகளை அனுப்பச் சிறிய வலைச்செயலி ஒன்றை உருவாக்கினோம். புலனக் குழுவில் இடும் செய்தி அரைநாளில் வேறு செய்திகளுக்கு அடியில் மூழ்கிவிடுகிறது. படிவங்களை இணைத்து அனுப்பவும், பிறகு தேடி எடுக்கவும் மின்னஞ்சலே ஏற்றது என்று கருதினோம். பெற்றோர் தங்கள் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் பதிந்துகொள்வர். ஆசிரியர் தமிழில் அறிவிப்பை எழுதுவார். செயலி அதனை எல்லார்க்கும் அனுப்பிவைக்கும். பலமுறை சோதித்தோம். ஒவ்வொரு முறையும் எங்கள் நால்வருக்கும் அஞ்சல் குறையின்றி வந்தது.

பின்னர், இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்புக்கு விண்ணப்பிக்கும் பொருட்டுப் பெற்றோர் கூட்டம் ஒன்றுக்கு அழைப்பு விடுத்தோம். 26 குடும்பங்களுக்கு அழைப்பு. பதிவேட்டில் 26 பெயர்களுக்கும் நேரே ‘அனுப்பப்பட்டது’ என்று இருந்தது. அன்று மாலை வந்தவர்கள் 11 பேர்.

பெற்றோர்க்கு அக்கறையில்லை என்று அன்றிரவு நாங்கள் பேசிக்கொண்டதை இன்று நினைத்தாலும் நாணமாக இருக்கிறது. மறுநாள் காலை, மகனைப் பள்ளியில் விடவந்த தாயார் ஒருவரிடம் ஏன் வரவில்லை என்று எங்களுள் ஒருவர் கேட்டார். “எனக்குக் கடிதமே வரலீங்க டீச்சர். வந்திருந்தா லீவு போட்டாவது வந்திருப்பேன்” என்றார் அவர். பதிவேடு சொன்னது ஒன்று. அவர் சொன்னது ஒன்று. நாங்கள் பதிவேட்டைத்தான் முதலில் நம்பினோம்.

மின்னஞ்சலின் வழி

குற்றம் எங்கே என்று காண, மின்னஞ்சல் செல்லும் வழியை முதலில் அறிய வேண்டும். 1971ஆம் ஆண்டில் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு வலையமைப்பின் வழியே அஞ்சல் அனுப்பிக் காட்டினார். பெயரையும் கணினியையும் பிரிக்க @ என்னும் குறியைத் தேர்ந்தவரும் அவரே. 1982இல் ஜோனதன் போஸ்டல் எழுதிய எஸ்.எம்.டி.பி. என்னும் நெறிமுறை, அஞ்சல் வழங்கிகள் ஒன்றோடொன்று உரையாடும் முறையை வகுத்தது. இன்றும் அடிப்படை அதுவே.

அந்த உரையாடலில், அஞ்சலைப் பெற்ற வழங்கி 250 என்னும் எண்ணைத் திருப்பிச் சொல்லும். ‘இதனை ஏற்றுக்கொண்டேன், இனி இது என் பொறுப்பு’ என்பதே அதன் பொருள். உரியவர் படித்தார் என்பதன்று. அவருடைய அஞ்சற்பெட்டியில் விழுந்தது என்பதும் அன்று. நான்கில் தொடங்கும் எண் வந்தால் ‘இப்போது இயலாது, பிறகு வா’ என்று பொருள். ஐந்தில் தொடங்கினால் ‘ஏற்கமாட்டேன்’ என்று பொருள். பிறகு வரச்சொன்னால் அனுப்பும் வழங்கி மீண்டும் மீண்டும் முயலவேண்டும்; நான்கைந்து நாள்களேனும் முயன்ற பின்பே கைவிடலாம் என்பது நெறிமுறையின் பரிந்துரை. ஆகவே, இன்று ‘அனுப்பப்பட்டது’ என்று குறித்த அஞ்சல் அடுத்த வாரம் தோல்வியென்று திரும்பி வரலாம். அந்தத் தோல்விச் செய்தியைப் படிக்க ஓர் ஆள் இல்லையென்றால், அது வந்தும் பயனில்லை.

இதனை எண்ணும்போது, தோட்ட அலுவலகத்துக்கு வந்த கடிதங்களைப் பற்றி மூத்தோர் சொல்லக் கேட்டவை நினைவுக்கு வருகின்றன. கடிதம் அலுவலகத்துக்கு வந்தது ஒரு செய்தி. லயத்து வீட்டில் அது படிக்கப்பட்டது வேறொரு செய்தி. இடையே எத்தனையோ கைகள் இருந்தன.

நாங்கள் தேடியதில் மூன்று குறைகள் அகப்பட்டன. ஒன்று எழுத்தில் இருந்தது, ஒன்று பெயரில், ஒன்று நம்பகத்தில்.

புள்ளி உடைந்த கதை

மின்னஞ்சல் பிறந்தபோது 128 குறிகளைக் கொண்ட ஆங்கில எழுத்துத் தொகுதியை மட்டுமே அறிந்திருந்தது. தமிழர்கள் 1990களில் மின்னஞ்சலைக் கைக்கொண்டபோது, 128 முதல் 255 வரையிலான மேற்பாதி இடங்களில் தமிழ் எழுத்துகளை அமர்த்தினர். திஸ்கி அவ்வாறு அமைந்த குறியேற்றமே. ஆயினும் பல குறியேற்றங்கள் புழங்கின. அனுப்பியவரிடம் உள்ள எழுத்துரு பெறுபவரிடம் இல்லையென்றால், தமிழ் அங்கே பொருளற்ற குறிக்கூட்டமாகவே தோன்றும். இந்நிலையை மாற்றப் பலர் உழைத்தனர். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1997இல் தமிழ் இணைய மாநாட்டைக் கூட்டினார். 1999இல் சென்னையிலும், 2000இல் மீண்டும் சிங்கப்பூரிலும், 2001இல் கோலாலம்பூரிலும் மாநாடுகள் தொடர்ந்தன. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய மென்பொருளின் பெயரே முரசு அஞ்சல் என்பதை இங்கே நினைத்துப் பார்க்கிறோம்.

அக்காலத்தில் தமிழில் மடல் எழுதியோர், ‘எழுத்துகள் சரியாகத் தெரிகின்றனவா?’ என்று பெறுபவரைக் கேட்டுக்கொள்வது வழக்கம். அதுவே அன்றைய சோதனை. ஒருங்குறி பரவிய பின்பு அக்கேள்வி மறைந்தது. இனிக் கவலையில்லை என்று எண்ணினோம். எங்கள் கூட்டத்தின் அழைப்பு, கவலை தீரவில்லை என்பதைக் காட்டியது.

ஒருங்குறியில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யூ.டி.எஃப்-8 முறையில் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. ‘தமிழ்’ என்னும் சொல்லில் த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள், பதினைந்து பைட்டுகள். மின்னஞ்சலின் தலைப்பு வரியோ இன்னும் பழைய ஆங்கிலக் குறிகளையே எதிர்பார்க்கிறது. எனவே தமிழ்த் தலைப்பை ஆங்கிலக் குறிகளாக உருமாற்றித் துண்டு துண்டாக அனுப்புவர். 1992இல் வகுக்கப்பட்டு 1996இல் செப்பமுற்ற அவ்விதி, ஒரு துண்டு 75 குறிகளை மிஞ்சலாகாது என்கிறது. தொடக்க முடிவு அடையாளங்களுக்கு 12 போக 63 எஞ்சும். பேஸ்64 என்னும் உருமாற்று முறை மூன்று பைட்டுகளை நான்கு குறிகளாக்கும். ஆகவே நான்கின் மடங்காகிய 60 குறிகளே பயன்படும். அறுபது குறிகளில் அடங்குவது 45 பைட்டுகள், அதாவது 15 தமிழ்க் குறிகள்.

அதே விதி மற்றொன்றையும் சொல்கிறது: ஓர் எழுத்தின் பைட்டுகளை இரு துண்டுகளுக்கு இடையே பிளத்தல் கூடாது. எங்கள் நிரலில் நாங்களே எழுதிய சிறு பகுதி இதனைக் கருதாமல் 45 பைட்டுக்கு ஒரு வெட்டாக வெட்டிக்கொண்டே போனது.

மாணவர்களே, இங்கே சற்றே கணக்குப் போடுவோம். ‘கல்விச்சுற்றுலா’ என்று இடமின்றி எழுதினால் 15 குறிகள், 45 பைட்டுகள். சரியாக ஒரு துண்டில் அடங்கும். இடைவெளியில்லாத தமிழ்ச் சொல் எத்துணை நீளமாயினும் வெட்டு எழுத்தின் எல்லையிலேயே விழும். ஏனெனில் 45 மூன்றால் மீதியின்றி வகுபடும். இனி ‘பெற்றோர் கூட்டம்’ என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். முதற்சொல்லில் 8 குறிகள், 24 பைட்டுகள். இடைவெளிக்கு 1 பைட்டு. இரண்டாஞ்சொல்லில் 7 குறிகள், 21 பைட்டுகள். ஆக 46. நாற்பத்தைந்தாம் பைட்டில் வெட்டு விழுந்தால், ஈற்று மகர மெய்யின் புள்ளி பிளந்துபோகும். மூன்று பைட்டுகளில் இரண்டு ஒரு துண்டிலும், எஞ்சிய ஒன்று அடுத்த துண்டிலும் கிடக்கும். தனித்தனியே படிக்கும் அஞ்சற்பெட்டியில் ‘கூட்டம’ என்றும், அதன் பின் கேள்விக்குறி தாங்கிய கறுப்புச் சாய்சதுரங்களும் தோன்றும். எங்கள் தலைப்பு இன்னும் நீண்டது. அதில் பல இடங்களில் எழுத்துகள் சிதைந்தன.

மெய்க்குப் புள்ளி உண்டு என்பதைத் தொல்காப்பியம் தொட்டு நாம் கற்பித்து வருகிறோம். ஓர் இடைவெளியினால் அந்தப் புள்ளி உடைந்தது. நாங்கள் சோதனைக்கு எழுதிய தலைப்போ ‘சோதனை’ என்னும் ஒற்றைச் சொல். அதில் இடைவெளியே இல்லை. அச்சொல்லைக் கொண்டு ஆயிரம் முறை சோதித்திருந்தாலும் இக்குறை வெளிப்பட்டிராது. மேலும், எங்கள் நால்வரின் அஞ்சற்பெட்டியும் ஒரே வகையானது; உடைந்த துண்டுகளைத் தானே ஒட்டிப் படித்துவிடும் பொறுமை அதற்கு இருந்தது. பெற்றோர் சிலரின் கைப்பேசிகளில் இருந்த அஞ்சற்செயலிக்கு அப்பொறுமை இல்லை. சிதைந்த தலைப்பைக் கண்டவர்கள், ஏதோ ஏமாற்று அஞ்சல் என்று எண்ணி அழித்துவிட்டனர். அவர்கள் செய்தது அறிவுடைய செயலே.

பெயரில் நேர்ந்த பிழை

இரண்டாங்குறை நம் நாட்டுக்கே உரியது. மலேசிய அடையாள ஆவணங்களில் ஒருவருக்கு இரு பெயர்கள் வழங்கினால் இடையே @ குறியிடுவது வழக்கம். ஏட்டில் ஒரு பெயரும் வீட்டில் ஒரு பெயருமாக வளர்ந்த தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு இது பொருந்தும். பெயரை எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதிய காலமும் உண்டு. கோல சிலாங்கூரில் 1917இல் ஆன்றி ஃபோக்கோனியே முதன்முதலாக வணிக அளவில் செம்பனையை நட்ட தோட்டத்தின் பெயரும் ‘தென்னமரம்’ என்றே ஆவணங்களில் நிலைத்துவிட்டது. பேச்சில் கேட்டதே பெயராயிற்று.

மின்னஞ்சல் நெறிமுறையிலோ @ குறி முகவரிக்கு உரியது. பெயருக்குள் அது வந்தால் பெயரை மேற்கோட்குறிக்குள் வைக்கவேண்டும். வைக்காவிட்டால் அனுப்பும் நிரல் பெயரையே முகவரி என மயங்கும். எங்கள் செயலி அவ்வாறே மயங்கி, அத்தகைய பெயருடைய பெற்றோர்க்கு அஞ்சலை அனுப்பாமலே விட்டுவிட்டது. அதனினும் பெரிய பிழை, அனுப்பும் கட்டளையை நிறைவேற்றுமுன்பே பதிவேட்டில் ‘அனுப்பப்பட்டது’ என்று எழுதியது. குரல் கேட்குமுன் குறி போட்ட கிராணியானோம் நாங்கள். அந்தத் தாயாரின் பெயரில் @ இருந்தது.

ஏ/எல், ஏ/பி என்னும் சாய்கோட்டுக் குறிகளையும், தந்தை பெயரின்றி ஒற்றைப் பெயராக வாழ்வோரையும், புள்ளியிட்ட முன்னெழுத்தையும் இவ்வாறே சோதித்தாக வேண்டும். ‘முதற்பெயர், குடும்பப்பெயர்’ என்று இரு கட்டங்களை வைத்துவிட்டு, இரண்டையும் நிரப்பினால்தான் ஏற்பேன் என்னும் படிவம் நம்முடைய பெயரமைப்பை அறியாதது.

நம்பகம்

மூன்றாங்குறை எங்கள் ஆள்களப் பெயருக்கு முறையான சான்று இல்லாமை. அஞ்சலை அனுப்ப எந்தெந்த வழங்கிகளுக்கு உரிமையுண்டு என அறிவிப்பது எஸ்.பி.எஃப். அஞ்சலில் இலக்கக் கையொப்பம் இடுவது டி.கே.ஐ.எம். இவை பொய்த்தால் என்ன செய்வது என்று பெறுபவர்க்குச் சொல்வது டிமார்க். நாளொன்றுக்கு 5000க்கும் மேற்பட்ட அஞ்சல்களைத் தன் பயனர்களுக்கு அனுப்புவோர் இம்மூன்றையும் கொண்டிருக்கவேண்டும் என ஜிமெயில் 2024 பிப்ரவரியில் விதித்தது. எங்களைப் போன்ற சிறியோர்க்கும் இவற்றுள் ஒன்றேனும் வேண்டும். ஒன்றும் இல்லாத எங்கள் அஞ்சல்களிற் சில, எரிதக் கோப்புறையில் யாரும் காணாமற் கிடந்தன.

மூன்று படிச் சோதனை

இவ்வனுபவத்திற்குப் பின் நாங்கள் மூன்று படிகளில் சோதிக்கிறோம்.

முதற்படி, செயலிக்குள்ளேயே நிகழ்வது. ஜாங்கோ போன்ற வலைச்சட்டகங்களில், சோதனை ஓடும்போது அஞ்சல் வெளியே செல்லாமல் நினைவகத்தில் தேங்கும். யாருக்கு, என்ன தலைப்பில், எத்தனை அஞ்சல்கள் என எண்ணிப் பார்க்கலாம். ஒருமுறை அழுத்தினால் ஓர் அஞ்சல்தானா, இருமுறை அழுத்தினால் இரண்டு போகின்றனவா என்றும் காணலாம். ஆனால் இங்கே காண்பது உருமாற்றத்திற்கு முந்திய செய்தியை. எங்கள் புள்ளி உடைந்ததை இப்படி காட்டாது.

இரண்டாம் படி, பொய் வழங்கி. மெயில்ஹாக், மெயில்பிட் போன்ற கருவிகள் அஞ்சல் வழங்கியைப் போல நடித்து, வரும் அஞ்சல்களையெல்லாம் தம்மிடமே பிடித்து வைத்துக்கொள்ளும்; எதையும் வெளியே விடா. கம்பியில் செல்லும் வடிவத்தை அங்கே அப்படியே பார்க்கலாம். தலைப்பு எவ்விடத்தில் வெட்டப்பட்டது, இணைப்பு திறக்கிறதா, உடற்பகுதியின் வரி 998 எழுத்திடங்களைத் தாண்டுகிறதா என ஆராயலாம். தமிழ்க் குறி மூன்று பைட்டு ஆகையால், உருமாற்றாமல் அனுப்பிய ஒரே நீண்ட வரியில் 332 தமிழ்க் குறிகளுக்கு மேல் அடங்கா என்பதை நினைவிற்கொள்க. ஒரு நடுத்தரப் பத்தியே அவ்வளவு வரும்.

மூன்றாம் படி, உண்மையான அஞ்சற்பெட்டிகள். வெவ்வேறு நிறுவனங்களில் எங்களுக்கென்றே தொடங்கிய முகவரிகளுக்கு அனுப்பி, பழைய கைப்பேசியிலும் புதியதிலும் திறந்து, மனிதக் கண்ணால் படித்துப் பார்ப்பது. எரிதக் கோப்புறையையும் அப்போதே திறந்து பார்ப்பது. இந்தப் படிக்கு மாற்றில்லை.

எப்படியிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. உண்மையான மக்களின் முகவரிகளைச் சோதனைக்கு எடுத்தல் ஆகாது. 2021 ஜூன் 17 அன்று எச்.பி.ஓ. மேக்ஸ் நிறுவனத்தின் சந்தாதாரர்கள் பலர்க்குச் சோதனை அஞ்சல் ஒன்று தவறுதலாகச் சென்றது. நிறுவனம் பொதுவில் விளக்கம் சொல்ல நேர்ந்தது. சிரித்துக் கடக்கத்தக்க நிகழ்ச்சிதான். ஆனால் ‘உங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது’ என்னும் சோதனை அஞ்சல் உயர்கல்விக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கும் மாணவர் ஒருவர்க்குச் சென்றால் அதனைச் சிரித்துக் கடக்க இயலுமா? இதற்காகவே, யாருக்கும் சொந்தமாகாத சில ஆள்களப் பெயர்கள் 1999இலேயே சோதனைக்கென ஒதுக்கப்பட்டுள்ளன.

இவ்விடத்தில் மொழி ஆசிரியர்கள் விரும்பும் ஒரு செய்தி. 2007 அக்டோபரில், ஆங்கிலமல்லாத எழுத்துகளில் முகவரிகள் இயங்குமா என்று அறிய, ஐகான் அமைப்பு 11 மேல்நிலை ஆள்களப் பெயர்களை இணையத்தின் வேரில் சோதனையாக இட்டது. அவற்றுள் ஒன்று தமிழ். அதன் முகவரி ‘உதாரணம்.பரிட்சை’. நாம் வகுப்பறையில் ‘பரீட்சை’ என நெடிலாக எழுதும் சொல் அங்கே குறிலாக அமைந்தது. 2013இல் அச்சோதனைப் பெயர்கள் நீக்கப்பட்டன. இன்று சிங்கப்பூர், இலங்கை, இந்தியா ஆகிய நாட்டுப் பெயர்கள் தமிழ் எழுத்திலேயே ஆள்களப் பெயர்களாக நிற்கின்றன. தமிழ் முகவரிக்கு அஞ்சல் செல்ல 2012இல் நெறிமுறையும் வகுக்கப்பட்டது. ஆயினும் தமிழ் முகவரியை ஏற்கும் படிவங்களைக் காண்பது அரிது. காரணம் எளியது: அவற்றை உருவாக்கியோர் தமிழ் முகவரியை ஒருமுறையேனும் உள்ளிட்டுப் பார்த்ததில்லை.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் உரிய பங்கு

இப்பணி கணினி வல்லுநர்க்கே உரியது என்று எண்ணவேண்டா. எங்கள் செயலியின் வார்ப்புருவில் ‘கவிதாஇன் பெற்றோர் அவர்களுக்கு’ என்று ஒரு வரி வந்தது. நிரல் பெயரோடு வேற்றுமை உருபை ஒட்டியது. உடம்படுமெய் அதற்குத் தெரியாது. ‘முகிலன்இன்’ என்றும் எழுதியது. இதனை முதலில் கண்டவர் கணினி பயின்றவரல்லர், தமிழாசிரியர். பெயரோடு உருபு சேராதபடி ‘மாணவர் பெயர்: கவிதா’ என்று வார்ப்புருவை மாற்றச் சொன்னவரும் அவரே. ‘1 நாள்கள்’ என்னும் வரியைக் கண்டு திருத்தியவள் ஐந்தாம் ஆண்டு மாணவி.

ஆகவே, வகுப்பில் செய்யத்தக்க ஒரு பயிற்சியை முன்மொழிகிறோம். மாணவர்கள் கூடித் தமிழ்ச் சோதனைத் தரவு ஒன்றைத் தொகுக்கட்டும். ஒரே எழுத்தாலான பெயர் ஒன்று; மிக நீண்ட பெயர் ஒன்று. @ உடைய பெயர். சாய்கோடு உடைய பெயர். தந்தை பெயர் இல்லாத பெயர். இரு வகையாகக் குறியேற்றப்படும் ‘ஸ்ரீ’ என்னும் எழுத்து. ஒரே குறியாகவும், ஒற்றைச் சுழி கொம்பு அல்லது இரட்டைச் சுழி கொம்போடு கால் சேர்த்து இரு குறியாகவும் எழுதக்கூடிய ஒகர, ஓகார உயிர்மெய்கள். ஓர் இடைவெளி, இரண்டு இடைவெளி, மூன்று இடைவெளி கொண்ட தலைப்புகள். எந்தத் தலைப்பு நாற்பத்தைந்தாம் பைட்டில் உடையும் என்று அவர்களே கணக்கிட்டுச் சொல்லட்டும். எழுத்திலக்கணமும் கணிதமும் அங்கே ஒரே பாடமாகும்.

எங்கள் கதையின் முடிவைச் சொல்லவேண்டும். குறைகளைக் களைவதற்கு நாங்கள் காத்திருக்கவில்லை. அவ்வாரமே கையால் எழுதிய அழைப்புகளைப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பி, கீழ்ப்பகுதியைக் கிழித்துக் கையொப்பத்துடன் திருப்பித் தரக் கேட்டோம். இரண்டாங்கூட்டத்திற்கு 17 பெற்றோர் வந்தனர். முதல் ஆளாக வந்து விண்ணப்பத்தில் ஒப்பமிட்டவர் அந்தத் தாயார்தாம். செயலியைச் செப்பம் செய்ய மேலும் சில வாரங்கள் ஆயின. இப்போது பதிவேட்டில் மூன்று சொற்கள் உள்ளன. ‘வழங்கி ஏற்றது’ என்பது ஒன்று. ‘திரும்பி வந்தது’ என்பது ஒன்று. ‘பெற்றோர் மறுமொழி தந்தார்’ என்பது ஒன்று. ‘அனுப்பப்பட்டது’ என்னும் சொல்லை எடுத்துவிட்டோம்.

மறுமொழி வராத வீட்டிற்கு மூன்றாம் நாள் தொலைபேசியில் அழைக்கிறோம். அது கணினிக்கு வெளியே நடக்கும் வேலை. அதனையும் சோதனையின் ஒரு பகுதியாகவே கருதுகிறோம்.

ஒரு மொழியில் செயலி இயங்குகிறது என்பதற்கு, அம்மொழி பேசுவோர் ஒருவர் அச்செயலி அனுப்பிய மடலைத் தம் பெயர் பிழையின்றி, புள்ளி சிதையாமல் படித்தார் என்பதே சான்று. பதிவேடு அச்சான்றைத் தராது; படித்தவர்தாம் தரவேண்டும். உங்கள் பள்ளியிலோ நிறுவனத்திலோ தமிழில் அஞ்சல் அனுப்பும் செயலி இருந்தால், இன்று வீடு திரும்பியதும் அதைப் பெறும் ஒருவரிடம் அந்தப் பழைய கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: எழுத்துகள் சரியாகத் தெரிகின்றனவா?